சந்தாப் பணம் எப்போது நமதாகிறது?
மென்பொருள் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும்



கணினி படித்த பிள்ளைகள் இப்போது நம் வீடுகளில் அதிகம். சென்னையிலோ பெங்களூரிலோ நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, "அத்தா, சொந்தமாக ஒரு சாஃப்ட்வேர் செய்து மாதச் சந்தாவுக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று வந்து நிற்கிறார்கள். கடை வைத்துப் பழகிய பெற்றோருக்கு இது பிடிபடுவதில்லை. சரக்கு எங்கே, குடோன் எங்கே, ஒரு தடவை செய்த பொருளுக்கு மாதாமாதம் எப்படிக் காசு வாங்குவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தொழில் தொடங்கும் பிள்ளையும் இதற்குப் பதில் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

முன்பு மென்பொருளை டிஸ்க்கில் விற்றார்கள். ஒரு தடவை வாங்கினால் போதும். நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம், 2013-இல் அந்த வழக்கத்தைக் கைவிட்டு, புதிய பதிப்புகளைச் சந்தாவில் மட்டுமே தரத் தொடங்கியது. சென்னையில் தொடங்கி தென்காசிப் பக்கம் வரை கிளை விரித்த ஸோஹோவும் இதே முறையில்தான் கணக்கு, மின்னஞ்சல் மென்பொருள்களை உலகம் முழுவதும் தருகிறது. இங்கே பொருள் கைமாறுவதில்லை, அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் மாதக் கணக்கில் கிடைக்கிறது. வீட்டு வாடகையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். குடியிருப்பவர் மாதாமாதம் கொடுக்கிறார். கூரை ஒழுகினால் வீட்டுக்காரர்தான் சரிசெய்ய வேண்டும். பிடிக்கவில்லை என்றால் காலி செய்துகொண்டு போய்விடலாம்.

மார்க்கச் சட்டத்தில் இஜாரா என்ற வாடகை ஒப்பந்தத்துக்குத் தனிப் பாடமே உண்டு. அதில் அடிப்படையாகக் கேட்கப்படுபவை: என்ன பயன் தரப்படுகிறது, எவ்வளவு காலத்துக்கு, என்ன கூலிக்கு. இந்த மூன்றும் இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். சந்தா மென்பொருள் விற்பவர் தன் விலைப் பக்கத்தை எழுதும்போது இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால், பின்னால் வரும் சண்டைகளில் பாதி குறைந்துவிடும். "வாழ்நாள் சந்தா, ஒரே தடவை 5,000 ரூபாய்" என்று சிலர் விற்கிறார்கள். யாருடைய வாழ்நாள்? வாங்கியவருடையதா, கம்பெனியுடையதா? காலம் தெரியாத வாடகை அது. அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். தையல் கடைகளுக்கு ஒரு மென்பொருள். அளவு நோட்டு, துணி வாங்கிய தேதி, கொடுக்க வேண்டிய தேதி, முன்பணம், பாக்கி எல்லாம் அதில் இருக்கும். பெருநாளுக்கு முன்னால் தையல் கடையில் நின்றவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

முதல் வேலை நிரல் எழுதுவது அல்ல. பத்துத் தையல் கடைகளில் போய் உட்கார்ந்து, அவர்கள் நோட்டில் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். யோசனையைச் சொன்னால் எல்லாரும் "மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு தம்பி" என்பார்கள். அது துஆ, ஆர்டர் அல்ல. போன பெருநாளில் எத்தனை துணி தாமதமானது, அதனால் எவ்வளவு நஷ்டம், இதைச் சமாளிக்க இதுவரை என்ன செலவு செய்தீர்கள் என்று கேளுங்கள். ஒரு பைசாகூடச் செலவு செய்யாமல் சமாளித்து வந்தவர், உங்களுக்கும் கொடுக்க மாட்டார். முதல் மூன்று மாதத்துக்குப் பணம் கொடுக்க ஐந்து கடைகள் சம்மதித்த பிறகு நிரலை எழுதலாம். சொந்தக்காரர் கடைக்கு இலவசமாகக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றும். இலவசமாக வாங்கியவர் முகத்துக்காகக் குறை சொல்ல மாட்டார். காசு கொடுத்தவர்தான் உள்ளதைச் சொல்வார்.

விலையைப் பொறுத்தவரை நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். மாதம் 99 ரூபாய் என்று வைத்தால் நூறு கடைக்கு 9,900. அந்த நூறு கடைக்காரர்களும் போன் செய்வார்கள், அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டும். மாதம் 300 என்று வைத்து, கேட்ட நேரத்தில் ஒழுங்காகப் பதில் சொல்வது கடைக்காரருக்கும் நல்லது.

விட்டுப் போகிறவர்களின் கணக்கு

கடை நடத்தியவர்களுக்குப் புதிதாகத் தோன்றும் கணக்கு இது. மாதாமாதம் எட்டுப் புதுக் கடைகள் சேர்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் மாதந்தோறும் நிறுத்திவிடுகிறார்கள். ஐந்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் கடைகள் 160-ஐ எட்டும்போது, அதில் ஐந்து சதவீதமும் எட்டுதான். வருகிறவர்களும் போகிறவர்களும் சமமாகிவிடுவார்கள். அதற்குமேல் எவ்வளவு ஓடினாலும் தொழில் வளராது. அதே எட்டுப் பேர் சேர்ந்து, போகிறவர்கள் இரண்டு சதவீதமாக இருந்தால், 400 கடைகள் வரை வளரும். மாதம் 300 ரூபாய் வீதம் முதலாவது 48,000, இரண்டாவது 1,20,000. விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டாமல் வந்த வித்தியாசம் இது. இன்னொரு வகையில் சொன்னால், இன்று இருக்கும் நூறு பேரில் ஒரு வருடம் கழித்து 5 சதவீதக் கணக்கில் 54 பேர் மிஞ்சுவார்கள், 2 சதவீதக் கணக்கில் 78 பேர்.

அதனால் புதுக் கடை பிடிக்க அலைவதற்கு முன், நிறுத்தியவர் ஒவ்வொருவருக்கும் போன் செய்து காரணம் கேளுங்கள். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். கார்டு காலாவதியாகி இருக்கும், கணக்கில் அன்று பணம் இருந்திருக்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடித்துக்கொள்ளும் சந்தாவுக்கு வாடிக்கையாளர் முதலில் ஒருமுறை ஓ.டி.பி. கொடுத்துச் சம்மதிக்க வேண்டும். அதன்பின் 15,000 ரூபாய் வரையான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவையில்லை. ஆனால் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் போக வேண்டும். யு.பி.ஐ. ஆட்டோபே வழியாகவும் இதைச் செய்யலாம். பணம் பிடிபடாவிட்டால் ஒரு வாரம் தவணை கொடுத்து, நினைவூட்டி, அதற்கும் வராவிட்டால் சேவையை நிறுத்தி வையுங்கள். தாமதக் கட்டணம் போடாதீர்கள். தாமதமான கடனுக்குமேல் கூடுதலாக வாங்குவது வட்டியின் வாசலில் போய் நிற்பது.

முன்பணம்

இந்தப் பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். வருடச் சந்தா 3,000 என்று அறிவித்ததும் அறுபது கடைகள் கட்டிவிட்டன. ஒரே வாரத்தில் கணக்கில் 1,80,000 ரூபாய். பிள்ளைக்குச் சந்தோஷம். வீட்டில் உம்மாவுக்கும் சந்தோஷம். வண்டி வாங்கலாமா, தங்கை கல்யாணத்துக்கு எடுத்து வைக்கலாமா என்று பேச்சு நடக்கும்.

அந்தப் பணத்தில் முதல் மாத முடிவில் உழைத்துச் சம்பாதித்தது 15,000 மட்டுமே. மீதி 1,65,000-க்கு இன்னும் பதினொரு மாத வேலை பாக்கி. கணக்கியலில் இதை வருமானமாக எழுதுவதில்லை, கடன் பக்கத்தில்தான் எழுதுவார்கள். நாளைக்கு நிறுவனத்தை மூடினால் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் அது. எத்தனையோ சிறு நிறுவனங்கள் வாடிக்கையாளர் இல்லாமல் மூடுவதில்லை. முன்பணத்தைச் செலவழித்துவிட்டு, வருட நடுவில் சர்வர் வாடகை கட்ட முடியாமல்தான் மூடுகின்றன. அப்போது நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்களை நம்பிய தையல்காரர், பெருநாள் நேரத்தில் அளவு எதுவும் இல்லாமல் நிற்பார்.

வழி எளிது. வங்கியில் இரண்டாவது கணக்கு ஒன்று திறங்கள். வருடச் சந்தா அதில் விழட்டும். மாதம் ஒன்றாம் தேதி பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் செலவுக் கணக்குக்கு மாற்றுங்கள். வேலை பார்த்த மாதங்களின் பணம் எது, பார்க்க வேண்டிய மாதங்களின் பணம் எது என்பது எப்போதும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஜகாத் கணக்குப் பார்க்கும்போதும் இந்தப் பிரிவினை உதவும். இரண்டு தொகைகளையும் தனித்தனியாகக் காட்டி ஆலிமிடம் விளக்கம் கேட்கலாம்.

வாசலைத் திறந்து வையுங்கள்

சேருவது ஒரே சொடுக்கில், விலகுவதற்குப் பத்துப் பக்கம். பெரிய நிறுவனங்களே இதைச் செய்திருக்கின்றன. அமேசான் பிரைம் சந்தாவில் மக்களைச் சம்மதமில்லாமல் சேர்த்ததாகவும், விலகுவதைக் கடினமாக்கியதாகவும் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் வழக்குத் தொடர்ந்தது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டது. அதில் ஒன்றின் பெயரே 'சந்தாப் பொறி'. அளவையில் குறைப்பவர்களைக் கண்டித்து ஒரு சூராவே அருளப்பட்ட உம்மத்துக்கு, இதைச் சட்டம் வந்துதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. மறந்துபோய்க் கட்டிக்கொண்டிருப்பவரின் பணத்தில் ஓடும் தொழில் தராசில் விரல் வைத்து நிறுப்பதுதான். மூன்று மாதமாக உள்ளேயே நுழையாத கடைக்கு, "பயன்படுத்தவில்லையே, நிறுத்தி வைக்கட்டுமா?" என்று நீங்களே செய்தி அனுப்புங்கள். சிலர் நிறுத்துவார்கள். அவர்களே இன்னொரு கடைக்காரரிடம் உங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வார்கள்.

போகிறவர் தன் அளவு நோட்டையும் எடுத்துக்கொண்டு போக முடிய வேண்டும். எக்ஸெல் கோப்பாக இறக்கிக்கொள்ள முதல் நாளிலிருந்தே ஒரு பொத்தான் வையுங்கள்.

அந்த நோட்டில் இருப்பவை என்ன என்று யோசித்துப் பாருங்கள். நம் பெண்களின் பெயர், போன் எண், உடல் அளவுகள். தையல் கடை மேசை டிராயரில் இருந்தது இப்போது உங்கள் சர்வரில் இருக்கிறது. இது சாதாரண அமானத் அல்ல. கடவுச்சொல்லை நண்பருடன் பகிர்வது, உண்மையான பதிவுகளை வைத்துச் சோதனை செய்வது, வாடிக்கையாளர் பட்டியலை விளம்பரக்காரருக்குக் கொடுப்பது எல்லாம் கூடாது. அளவுகளையும் எண்களையும் மறையாக்கம் செய்தே சேமிக்க வேண்டும். தினமும் நகல் எடுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் தவறுபவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆனால் ஒரு வீட்டுப் பெண்ணின் விவரம் வெளியே போய்விட்டால், எந்த அபராதமும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

ரமளானின் கடைசிப் பத்தில் மென்பொருளில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள், புது வசதி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. தையல் கடைகளுக்கு அதுதான் வருடத்தின் அறுவடைக் காலம்.

ஜி.எஸ்.டி. பற்றிச் சுருக்கமாக: சேவைத் தொழிலில் வருட விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம், மென்பொருள் சேவைக்கு வரி 18 சதவீதம். அந்த எல்லையை நெருங்கும்போது விலையில் வரி அடங்குமா, தனியா என்பதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது உங்கள் கையைக் கடிக்கும். ஆடிட்டரை முதல் வருடமே பார்த்துவிடுங்கள்.

பெற்றோருக்கு

சந்தாத் தொழிலில் வட்டிக் கடன் இல்லாமல் தொடங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சரக்கு வாங்க வேண்டாம், கடைக்கு அட்வான்ஸ் வேண்டாம். ஒரு வருட வீட்டுச் செலவும் சர்வர் வாடகையும் கையில் இருந்தால் போதும். அதற்கு அத்தாவோ மாமாவோ பணம் கொடுப்பதாக இருந்தால், அது கடனா பங்கா என்று அன்றே முடிவு செய்யுங்கள். கடன் என்றால் கொடுத்த தொகைதான் திரும்பி வரும். பங்கு என்றால் லாபத்தில் இத்தனை சதவீதம் என்று பேச வேண்டும். "மாதம் 5,000 கொடுத்துவிடு" என்று நிலையான தொகை பேசுவது கூட்டு வியாபாரம் ஆகாது. நஷ்டம் வந்தால் பணம் போட்டவர் தன் பணத்தில் ஏற்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதே. நம் வீடுகளில் இந்த ஒரு விஷயத்தில்தான் "நமக்குள்ளே என்ன எழுத்து" என்று விட்டுவிடுகிறோம்.

அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருக்கட்டும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால், அல்லது திடீரென்று வெளிநாட்டு வேலை வந்துவிட்டால், கடைகளுக்கு யார் பதில் சொல்வது? சர்வரின் கடவுச்சொற்களை ஒரு உறையில் போட்டு ஒட்டி, வீட்டு பீரோவில் வையுங்கள். எந்த நண்பரை அழைத்து அதைக் கொடுக்க வேண்டும் என்பதை உறையின் மேலேயே எழுதுங்கள். கடவுச்சொல்லை மாற்றும்போதெல்லாம் உறையையும் மாற்றுங்கள்.