தொட்டியில் வளரும் சீமை அத்தியில் தேமல் நோய்

சீமை அத்தி போத்திலிருந்து எளிதில் வேரூன்றும் மரம். ஒரு மரத்தில் கழித்த கிளைகளைக் கொண்டு அயலார் பலருக்குச் செடி கொடுக்கலாம். இக்குணமே அதற்குக் கேடாகவும் முடிகின்றது. தாய்மரத்தில் தேமல் நோய் இருப்பின், அதன் போத்துக்கள் அந்நோயைச் சுமந்தே செல்லும். ஆகையால் போத்துக் கொடுப்போரும் வாங்குவோரும் இந்நோயை இனமறிந்து கொள்ளுதல் அவசியம்.

காரணமும் பரவும் விதமும்

இந்நோய் வைரஸ் என்னும் அதிநுண்ணிய நச்சுயிரால் உண்டாவது. கலிபோர்னியாவில் காண்டிட், ஹார்ன் என்னும் இருவர் 1933-ல் இதனை விவரித்தனர். ஒருவகைச் சிலந்திப்பேன் இதனைப் பரப்புகின்றதென்பது 1955-ல் ரூபிக்கப்பட்டது. 2009-ல் இத்தாலியில் பாரி நகரத்து ஆராய்ச்சியாளர் இவ்வைரஸை இன்னதென அறிந்து விவரித்தனர். மேற்படி பேன் மொட்டுச் செதில்களினுள்ளும் இலைகளிலும் வாழ்வது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நீளமுள்ளதாகலின் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. தொட்டிகள் நெருங்கியிருப்பின் இப்பேன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் சென்றுவிடும்.

அடையாளங்கள்

இலைகளில் ஒழுங்கற்ற மஞ்சள் திட்டுக்கள் தோன்றும். அவை பசுமையோடு கூர்மையாகப் பிரியாமல் மெல்லக் கலந்து நிற்கும். நாளடைவில் திட்டுக்களின் ஓரம் துருநிறமடையும். இலை கோணிச் சிறுக்கும். சில காய்களில் வெளிறிய புள்ளிகள் காணும். சில காய்கள் முதிருமுன் உதிரும். ஒரே கிளையில் நோயுற்ற இலையும் நல்ல இலையும் அடுத்தடுத்து இருப்பது இந்நோயின் முக்கிய லக்ஷணமாம்.

இதனை வேறு குறைகளோடு மயங்கலாகாது. இரும்புச்சத்துக் குறைவில் இளந்தளிர்களின் நரம்புகள் பச்சையாயிருக்க, இடைப்பகுதி ஒரு சீராக வெளுக்கும். துருநோயில் இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் பொடி எழும். விரலால் தேய்த்தால் ஒட்டும். தேமலில் பொடி இராது.

செய்யத்தக்கவை

நோயுற்ற மரத்தைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. வெப்பச் சிகிச்சையாலும் நுனிக்குருத்து வளர்ப்பாலும் நோயற்ற செடியை உண்டாக்கலாமெனினும், அவை ஆராய்ச்சிச்சாலையில் மட்டும் இயல்வன. தோட்டக்காரர் செய்யத்தக்கவை பின்வருமாறு:

1. நோய் கண்ட தொட்டியை மற்றவற்றினின்று உடனே விலக்கி வைக்கவேண்டும்.

2. செடி குன்றிக் காய்ப்பற்றுப் போயிருப்பின், வேரோடு பிடுங்கி எரித்துவிடுதல் நலம். ஓரளவு காய்த்துவரும் செடியை வெட்ட வேண்டுவதில்லை. தொட்டிமண் காய்ந்துவிடாமல் நீர் பாய்ச்சி, மக்கிய எரு இட்டு, வேர் நெருங்கியபொழுது பெரிய தொட்டிக்கு மாற்றிவரின் பலன் தரும். அதிலிருந்து ஒரு போத்தும் எடுத்தலாகாது.

3. பேனை அடக்க, நனையும் கந்தகத் தூளை லிட்டர் நீருக்கு 2 முதல் 3 கிராம் வீதம் கலந்து, இலையின் இருபுறமும் மொட்டுக்களும் நனையத் தெளிக்கலாம். நண்பகல் வெயிலில் தெளித்தால் இலை கருகும், காலையிலேயே தெளிக்கவேண்டும். இது பரவலைக் குறைக்குமேயன்றி, நோயுற்ற செடியைத் தேற்றாது.

போத்து எடுப்பதில் ஜாக்கிரதை

போத்து பெரும்பாலும் இலையுதிர்ந்த காலத்தில் வெட்டப்படுகின்றது. அப்பொழுது நோயுள்ள மரமும் நோயற்ற மரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நல்லதென நம்பி வாங்கியவர் பின்பு இலை விரிந்தபோது ஏமாறுவது இதனாலேயே. ஆகவே இலை தழைத்துள்ள காலத்திலேயே மரங்களைக் கிளைகிளையாகப் பரிசோதித்து, தேமல் சற்றும் காணாத மரத்துக்கு ஒரு கயிறு கட்டி அடையாளமிடவேண்டும். போத்துக்களை அம்மரத்திலிருந்தே எடுக்கவேண்டும். தளிர்த்த புதுச்செடிகளையும் ஒரு பருவம் தனியே வைத்துக் கவனித்த பின்னரே மற்றத் தொட்டிகளோடு சேர்த்தல் தகும்.

பள்ளித் தோட்டங்களுக்கும் பொது இடங்களுக்கும் செடி வழங்கும்போது, கிராம அதிகாரிகள் தாய்மரம் எது, அது இலையோடு பார்க்கப்பட்டதா என்று விசாரித்தே பெறுதல் வேண்டும். ஒரு மரத்தை முன்னதாகப் பார்க்கச் செல்லும் அரைநாழிகை, ஓர் ஊரின் அத்திச் செடிகள் அனைத்தையும் காக்கவல்லது.