நாய், பூனை: சபையிடம் என்ன கேட்கலாம்?

நாய்ப் பதிவு உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. 1901ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே அதற்கு அடிப்படை. வவுனியா, கரைச்சி, கரைதுறைப்பற்று என எந்தச் சபையின் எல்லையில் இருந்தாலும், நாய், பூனை பற்றிய உங்கள் கோரிக்கையை அந்தச் சபையிடம் சொல்லுங்கள்.

● காலம் பாருங்கள்: அடுத்த ஆண்டுப் பாதீடு ஆண்டின் கடைசி மாதங்களில் தயாராகும். அதற்கு முன்பே கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்.

● இடத்தைக் குறிப்பிடுங்கள்: "நாய்த் தொல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். கட்டாக்காலி நாய்கள் கூடும் சந்தி, குட்டிகளைக் கொண்டுவந்து விடும் இடம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

● தீர்வைக் கேளுங்கள்: வட்டாரந்தோறும் தடுப்பூசி முகாம், பெண் நாய்களுக்கும் பூனைகளுக்கும் கருத்தடைச் சிகிச்சை, சந்தைக் கழிவை ஒழுங்காக அகற்றுதல். உணவுக் கழிவு கிடக்கும்வரை நாய்கள் அங்கேதான் கூடும். பிடித்துக்கொண்டுபோய் வேறு ஊரில் விடுவது தீர்வல்ல, அது கொடுமை.

● சேர்ந்து கேளுங்கள்: சனசமூக நிலையம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஊடாகக் கையொப்பமிட்டு, வட்டார உறுப்பினரிடம் கொடுங்கள். பிரதியைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் கால்நடை வைத்தியருக்கும் அனுப்புங்கள்.

● வீட்டிலும் செய்யுங்கள்: வளர்ப்பு நாய், பூனைக்கு ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி போடுங்கள். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

● கடித்தால், கீறினால்: காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் மீள்வது மிக அரிது.