தாங்கல்: ஒரு வட்டாரச் சொல்லின் கதை

சென்ற தை மாதம் எட்டாம் வகுப்பு மாணவியரை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஏரிக்கரையில் நின்று, நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டியிருந்த நத்தைகுத்தி நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி கேட்டாள்: “மிஸ், வேடர்கள் வந்து தங்கின இடம், அதனாலதானே வேடந்தாங்கல்?” பலரும் சொல்லும் விளக்கம் அதுவே. நானும் “ஆமாம்” என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும் வழியில்தான் மனம் உறுத்தியது. தங்கிய இடமானால் ‘தங்கல்’ என்றல்லவா இருக்க வேண்டும்? ஊர்ப் பெயரில் இருப்பதோ ‘தாங்கல்’. குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு உண்டு என்று ஆறாம் வகுப்பில் பாடம் நடத்துகிறவளே இப்படிச் சறுக்கலாமா? அன்று சொன்ன விடையைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

தாங்கு என்பது வினை. சுமையைத் தாங்குகிறோம், துன்பத்தைத் தாங்குகிறோம். வீட்டில் செல்லமாக வளரும் பிள்ளையைத் “தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள்” என்று பாட்டிமார் குறை சொல்வார்கள். கூரைமேல் இருப்பது இடிதாங்கி. பழைய சாலையோரங்களில் தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட கல் சுமைதாங்கி. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடுவது முன்பு நம் நாட்டு வழக்கமாக இருந்தது; அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாகப் பிறர் சுமையையாவது அது இறக்கட்டும் என்று. நெஞ்சில் இறங்காமல் நிற்கும் வருத்தம் மனத்தாங்கல்.

இந்த வினையிலிருந்து பிறந்த ‘தாங்கல்’ என்னும் பெயர்ச்சொல்லுக்குத் தாங்குதல், பொறுத்தல் என்ற பொருள்களோடு ஏரி, நீர்நிலை என்ற பொருளும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் காணலாம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் ஏரியை விடச் சிறிய நீர்நிலையைத் தாங்கல் என்பார்கள். சரிந்து கிடக்கும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் கரை போட்டால், மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரை அது தாங்கி நிறுத்தும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைத் தாங்கி வைத்தால்தான் தை, மாசியில் பயிருக்குத் தண்ணீர். அதற்கு வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

ஆக, வேடன் பெயரால் அமைந்த தாங்கலே வேடந்தாங்கல். ஊருக்கு முன்பே நீர்நிலை இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட அவ்வூர் உழவர்கள், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக் கூடாது என்று அன்றைய செங்கல்பட்டுக் கலெக்டரிடம் ஆணை பெற்றார்கள். 2022-இல் வேடந்தாங்கலும் நம் அருகிலுள்ள பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

வேடந்தாங்கல் வரை போக வேண்டியதும் இல்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் மீனம்பாக்கத்துக்கும் பரங்கிமலைக்கும் நடுவில் வருவது பழவந்தாங்கல். போரூரைத் தாண்டினால் ஐயப்பன்தாங்கல். இவற்றையும் ‘தங்கல்’ என்று குறுக்கிச் சொல்வோரைக் கேட்டிருக்கிறேன். ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் ஒன்றுபோலத் தோன்றுவதால் வந்த வினை இது. சிவகாசிக்குப் பக்கத்தில் திருத்தங்கல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அது உண்மையிலேயே ‘தங்கல்’; அங்குள்ள கோயில் வரலாறும் தங்குவதைப் பற்றியதே. ஆங்கிலப் பலகையில் இரண்டும் ஒன்றாகிவிடும். தமிழ்ப் பலகையில் ஒரு கால்தான் வேறுபாடு. அந்தக் காலை எடுத்துவிட்டால் ஏரியே போய்விடும்!

தெற்கேயிருந்து தாம்பரத்தில் வந்து குடியேறிய குடும்பங்கள் நம் பள்ளியில் பல உண்டு. அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தாங்கல் என்ற சொல் தெரியாது. ஏரி என்றுகூடச் சொல்லமாட்டார்கள். கண்மாய் என்பார்கள், பேச்சில் ‘கம்மா’. ஆனால் அவர்கள் பக்கத்தில் ‘ஏந்தல்’ உண்டு. மானாமதுரைக்கு அருகே முத்தனேந்தல் என்ற ஊரை அறிந்திருப்பீர்கள். ஏந்துவதும் தாங்குவதும் கிட்டத்தட்ட ஒரே செயல். வடக்கே ஒருவர், தெற்கே ஒருவர், ஒருவரை ஒருவர் கேளாமலே நீர்நிலைக்கு ஒரே கருத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்திலும் இத்தகைய கதை உண்டு. ‘மியர்’ என்பது ஏரியைக் குறித்த பழைய சொல். பேச்சில் அருகிப்போய், வின்டர்மியர், கிராஸ்மியர் போன்ற பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொருள் மறந்ததால் ‘வின்டர்மியர் ஏரி’ என்று ஏரியை இரண்டு முறை சொல்கிறார்கள். சிரிக்காதீர்கள், ‘வேடந்தாங்கல் ஏரி’ என்று நாமும் அதையேதான் செய்கிறோம். ‘கேட்டு வாசல்’, ‘நடு சென்டர்’ எல்லாம் இந்தக் குடும்பந்தான்.

சுற்றுலா முடிந்த மறுவாரம் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டு இதையெல்லாம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி தன் தாத்தா மனை வாங்கிய கிரயப் பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்தாள். செக்குபந்தி விவரத்தில், நான்கு எல்லைகளுள் ஒன்றாக, ‘தாங்கல் கரைக்குக் கிழக்கு’ என்று எழுதியிருந்தது. தாங்கல் என்பது யாரோ ஒருவருடைய பெயர் என்றே வீட்டில் இத்தனை நாளும் நினைத்திருந்தார்களாம். கரை இருந்த இடத்தில் இன்று தெரு இருக்கிறது, கடைகள் இருக்கின்றன.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையை நம் பெற்றோர் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மக்களைப் படகில் மீட்டார்கள். ஆற்றிலிருந்து விலகியிருந்த இந்த மாணவியின் வீட்டிலும் அன்று இடுப்பளவு தண்ணீர். “எங்கேயிருந்து வந்ததுன்னே தெரியலன்னு அம்மா இன்னிக்கும் சொல்வாங்க, மிஸ்” என்றாள். பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “இன்னிக்குப் போய்ச் சொல்றேன்” என்றாள்.

அடுத்த சொல் ‘கலங்கல்’. நீர்நிலை நிரம்பியதும் மிகுதி நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கட்டிவைத்த வழி அது. தெற்கே ‘கலிங்கு’ என்பார்கள். உங்கள் தெருவின் கலங்கல் எந்தப் பக்கம் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வாருங்கள்.