நேரத்தாளும் நேர்மையும்



சென்ற மாதம் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்னதானத்துக்கு அமர்ந்திருந்தபோது பெரியவர் ஒருவர் சொன்னார்: “இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு வேலையில பற்று இல்லைத் தம்பி. அஞ்சு மணி அடிச்சால் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிடுவினம்.” நாமும் தலையை ஆட்டினோம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பென்டில் ஹில் டன்மோர் வீதியைக் கடந்தபோது அந்தத் தலையாட்டல் சற்று உறுத்தியது.

அந்த வீதியில்தான் ஜோர்ஜ் பொன்ட் என்பவர் 1920களில் பஞ்சாலை ஒன்றை அமைத்தார். பொன்ட்ஸ் உள்ளாடை இல்லாத வீடு இந்நாட்டில் அரிது. பின்னாளில் அப்பெயரின் உரிமை பசிபிக் பிராண்ட்ஸ் நிறுவனத்திடம் சென்றது. அந்நிறுவனம் 2009 பெப்ரவரியில் 1,850 வேலைகளை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்குச் சற்று முன்னர்தான் பதவி உயர்வு பெற்றிருந்த அதன் தலைமை அதிகாரியின் சம்பளம் 18 இலட்சம் டொலரைத் தாண்டியிருந்தது. வேலை இழந்தவர்கள் சோம்பேறிகளா? இயந்திரத்தின் முன் வருடக் கணக்காக நின்றவர்கள் அவர்கள். இத்தகைய செய்திகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நிறுவனத்துக்காக உயிரைக் கொடுக்க மாட்டேன் என்று நினைப்பதில் வியப்பில்லை.

பிள்ளைகளுக்குத் திருக்குறள் சொல்லிக் கொடுக்கும்போது மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் 61, 62ஆம் அதிகாரங்களைத் தேடி எடுக்கிறோம். அவை இரண்டும் பொருட்பாலின் அரசியலில் வருபவை, அதாவது முதலில் அரசனை நோக்கிச் சொல்லப்பட்டவை என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறோம். யாரிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்று கூறும் தெரிந்துவினையாடல் (52), நடுநிலையோடு நடப்பதைக் கூறும் செங்கோன்மை (55) ஆகியனவும் அங்கேயே இருக்கின்றன. வேலை வாங்குபவருக்கும் அங்கே பாடம் உண்டு.

இந்நாட்டுச் சட்டமும் இரு பக்கத்தையும் பார்க்கிறது. முழுநேர ஊழியருக்கு வாரம் 38 மணித்தியாலம். அதற்குமேல் கேட்பது நியாயமான அளவாயிருக்க வேண்டும். சம்பளம் கொடுத்து ஒரு வேலைநாளுக்குள் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். பதிவேடுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புக்கு, மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை, பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை 2024 ஓகஸ்ட் 26 முதலும், 15 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்களில் 2025 ஓகஸ்ட் 26 முதலும் வந்துள்ளது. வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி 1 முதல் குற்றம்.

இனி பிள்ளைகளின் பக்கம். நாம் பார்த்த குறைகள் உண்டு. வேலை தொடங்கப் பத்து நிமிடத்துக்கு முன் “வரமுடியாது” என்று ஒரு குறுஞ்செய்தி; அந்த முறையை வேறொரு பிள்ளை ஓடி வந்து நிரப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து நாளுக்கான நேரத்தாளையும் ஊகத்தில் நிரப்புவது. மேசைக்குக் கீழே கைபேசி. பிழை விட்டால் அதைச் சொல்லாமல் அடுத்தவர் கண்டுபிடிக்கும் வரை இருப்பது. எமது தொழிலில் இதுவே மிகவும் கொடியது. ஐந்து மணிக்குப் போவது இந்தப் பட்டியலில் இல்லை. ஒன்பதிலிருந்து ஐந்து வரை என்ன நடந்தது என்பதே கேள்வி.

எமது கதையையும் சொல்லிவிடுகிறோம். 2012 இறுதியில் படகில் வந்த எமக்கு இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்ய அனுமதி இருக்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கோயில் மடப்பள்ளியில் பூசணிக்காய் வெட்டினோம். அனுமதி கிடைத்ததும் முதல் கிடைத்த இடத்தில், இரவுநேரப் பொதி கட்டும் வேலை. பத்து மணித்தியாலம் நின்றால் எட்டு என்று எழுதினார்கள். ஒரு நாள் கேட்டோம். “இதையெல்லாம் யாராவது எழுதுவார்களா?” என்று மேற்பார்வையாளர் சிரித்தார். விசாவை நினைத்து வாயை மூடிக்கொண்டோம். அதைப் பின்னர் எமது பிள்ளைகளிடம் “நாங்கள் எப்படி உழைத்தோம் தெரியுமா” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். அதில் உழைப்பும் இருந்தது. அதைவிட அதிகம் பயம் இருந்தது.

இன்று எமக்குக் கீழே வேலை செய்பவர்களில் 22 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். ஐந்து மணிக்குப் புறப்படுபவள்தான். கடந்த யூன் கடைசி வாரம், நிதியாண்டு முடியும் நேரம், வங்கிக் கணக்கு நேராகாமல் நின்றபோது ஏழரை வரை இருந்து பிழையைக் கண்டுபிடித்தாள். பிழை எம்முடையது, ஒரு தொகையை இரண்டு தடவை பதிந்திருந்தோம். மறுநாள் காலை நேரத்தாளோடு வந்தாள். “அண்ணா, நேற்று இரண்டரை மணித்தியாலம் கூட நின்றனான். எழுதட்டோ?”

“இதையெல்லாம் யாராவது எழுதுவார்களா” என்று வாய் தொடங்கிவிட்டது. பாதியில் அந்தக் குரல் யாருடையது என்று எமக்குத் தெரிந்தது. அவள் தாளை மெல்லத் திரும்ப எடுக்கப் பார்த்தாள். நாம் அதை வாங்கி, இரண்டரை என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம்.