துபாயா, ஜெர்மனியா, லண்டனா? முதலில் மகளின் வகுப்பைப் பாருங்கள்

கேள்வி: ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் இருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்து வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். கணவர் வீட்டிலேயே பட்டுத் தறி நெய்கிறார். கம்ப்யூட்டரில் ஜக்கார்டு டிசைனும் போடுவார். மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. மகனுக்கு ஐந்து வயது. நெசவுக் கூலியை நம்பி இனி ஓட்ட முடியாது, குடும்பத்தோடு வெளிநாடு போய்விடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நாத்தனார் துபாயில் இருக்கிறார். கூடப் படித்தவள் ஜெர்மனியில். தமிழ் பேசும் ஊர் என்பதால் மாமியார் சிங்கப்பூர் என்கிறார். ஏஜென்ட் ஒருவரோ, "பன்னிரண்டு லட்சம் கட்டுங்கள், லண்டனுக்கு கேர் விசா, நாலு பேரும் சேர்ந்தே போகலாம்" என்கிறார். எங்கே போய்க் குடியேறுவது நல்லது?
– ஒரு வாசகி, முள்ளிப்பட்டு

பதில்: சகோதரி, ஏஜென்ட் கதையை முதலில் முடித்துவிடுவோம். அந்தப் பன்னிரண்டு லட்சத்தைக் கட்டாதீர்கள். பிரிட்டனில் கேர் ஒர்க்கராகப் போகிறவர் புதிதாகக் குடும்பத்தை அழைத்துப்போவது 2024 மார்ச் 11-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டில் இருந்து கேர் ஒர்க்கர்களைப் புதிதாக எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இங்கே பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான். அவர் பெயர் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கேர் ஒர்க்கர் வேறு, நர்ஸ் வேறு. நர்ஸாகப் போகிறவர் இன்றைக்கும் பிரிட்டனுக்குக் குடும்பத்தை அழைத்துப் போகலாம்.

விசா உங்கள் பெயரில் வரும். ஆனால் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது உங்கள் சம்பளத்தை வைத்து அல்ல. உங்கள் கணவருக்கு அங்கே வேலை செய்ய உரிமை உண்டா, மகள் அங்கே எந்த வகுப்பில் போய் உட்காருவாள், இந்த இரண்டையும் வைத்துத்தான். தறியில் ஒருவர் நெய்ய, இன்னொருவர் தார் சுற்றித் தந்தால்தான் சேலை இறங்கும். வெளிநாட்டு வாடகையும் அப்படித்தான், ஒரு சம்பளத்தில் இறங்காது.

இந்தக் கணக்கில் சிங்கப்பூர் முதலிலேயே விழுந்துவிடுகிறது. தமிழ் அங்கே ஆட்சிமொழி, பள்ளியிலும் உண்டு, எல்லாம் சரி. ஆனால் கணவரையும் பிள்ளைகளையும் அழைக்க உங்கள் நிலையான மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலராவது இருக்க வேண்டும். புதிதாகப் போகும் ஸ்டாஃப் நர்ஸுக்கு அது எட்டாத கனி. எட்டினாலும், சார்ந்தவராக வருகிறவர் வேலை செய்ய 2021 மே முதல் தனியாக ஒர்க் பாஸ் வாங்க வேண்டும். மாமியார் பேச்சைக் கேட்டுப் போனால் அங்குள்ள தமிழ்ப் பலகைகளை நீங்கள் ஒருவர் மட்டும்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

துபாய் எளிது. 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை அழைக்கலாம். வாடகைக்குப் பயந்து ஷார்ஜாவில் குடியிருந்து தினமும் துபாய்க்கு வேலைக்குப் போகிற நம்மவர்கள் ஏராளம். காலை நெரிசலைப் பற்றி நாத்தனாரிடமே கேளுங்கள். பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிதான், ஃபீஸ் உண்டு. சிபிஎஸ்இ பள்ளிகள் நிறைய இருப்பதால் திரும்பி வந்தாலும் படிப்பு அறுந்துபோகாது. ஆனால் அது குடியேறுவது ஆகாது. வேலை இருக்கும் வரைதான் இருப்பு. கடனை அடைத்து நாலு காசு சேர்க்க துபாய். நிரந்தரமாகத் தங்க அல்ல. வளைகுடா நாடுகளுக்குப் போகும் நர்ஸ்களுக்கு 2015 முதல் அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம் என்பதும் நினைவிருக்கட்டும்.

மீதி இருப்பவை ஜெர்மனியும் பிரிட்டனும். இரண்டிலுமே கணவர் வேலை செய்யலாம், அரசுப் பள்ளி இலவசம். இங்கேதான் உங்கள் மகள் வருகிறாள்.

ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் பெற பொதுவாக பி2 அளவு ஜெர்மன் வேண்டும். அதைப் படித்து முடித்து, அங்கே போய் அங்கீகாரம் வாங்கி, வீடு பிடித்து, பிறகு குடும்பத்தை அழைப்பதற்குள் மகள் பத்தாம் வகுப்பில் இருப்பாள். வீடு பிடிப்பது என்றால், பல வாடகை வீடுகளில் சமையலறை வெறும் சுவராக இருக்கும். தொட்டி, அடுப்பு, அலமாரி எல்லாம் நீங்கள் வாங்கி வைக்க வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகை வரை கேட்பார்கள். பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். உங்கள் மகனுக்கு இது அருமையான நாடு, ஒன்றாம் வகுப்பிலேயே மொழி ஒட்டிக்கொள்ளும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கோ, கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் உட்கார்ந்திருக்கும் நிலைமை.

பிரிட்டனில் ஒன்பதாம் ஆண்டில் சேர்ந்தால் அவள் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளலாம். பத்தாம், பதினோராம் ஆண்டுகள் ஜிசிஎஸ்இ தேர்வுக்கானவை. நடுவில் போய் விழக் கூடாது. நர்ஸ் விசாவில் போகும் குடும்பத்துக்கு மருத்துவ உபரிக் கட்டணமும் இல்லை. ஆனால் ஆள் எடுப்பது முன்பைவிடக் குறைந்திருக்கிறது. இன்னொரு செலவை யாரும் சொல்ல மாட்டார்கள்: நிரந்தரக் குடியுரிமம் கிடைக்கும்வரை கல்லூரியில் மகளிடம் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் கேட்பார்கள். ஐந்து ஆண்டில் கிடைத்துவந்த அந்த உரிமத்தைப் பொதுவாகப் பத்து ஆண்டாக்கப்போவதாக அந்நாட்டு அரசு 2025 மே மாதம் அறிவித்தது.

இங்கே விட்டுப்போவதையும் எண்ணிப் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். எட்டாம் வகுப்பில் டிசி வாங்கிய அன்றே இரண்டும் போய்விடும். மகளுக்கு டாக்டர் கனவு இருந்தால், அவளைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கணவரையும் கேளுங்கள். கடிதம் முழுக்க உங்கள் குரல்தான் இருக்கிறது. அவர் கைத்தொழிலுக்கு அங்கே கூலி கிடையாது. முதலில் கிடங்கு வேலை, கிச்சன் வேலை என்றுதான் கிடைக்கும். டிசைன் வேலையை மட்டும் அங்கிருந்தபடியே ஆரணிக்குச் செய்து அனுப்பலாம். முதல் இரண்டு வருடம் தறியைப் பிரித்து விற்காதீர்கள், நம்பிக்கையான நெசவாளி ஒருவரிடம் விட்டுவையுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். மகள் பத்தாம் ஆண்டுக்குள் நுழையும் முன், செப்டம்பரில் பள்ளி தொடங்கும்போது அங்கே இருக்கும்படி பணி ஆணை கிடைத்தால், பிரிட்டன். அதுவும் லண்டன் வேண்டாம். ஈஸ்ட்ஹாமில் முருகன் கோயிலும் தோசைக் கடையும் உண்டு. உங்கள் சம்பளம் வாடகைக்கே சரியாகிவிடும். சின்ன ஊர் ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் சீக்கிரம் வீடு சேர வேண்டும், பையனைப் பள்ளியில் இருந்து கணவர் நடந்தே போய் அழைத்துவர வேண்டும். பல பள்ளிகளில் இடம் தூரத்தை வைத்துத்தான். எனவே பள்ளியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். அந்தச் செப்டம்பர் தவறினால், மகள் ப்ளஸ் டூ முடிக்கும்வரை குடும்பத்தை நகர்த்த வேண்டாம். அதற்குள் நீங்கள் வீட்டிலிருந்தே ஜெர்மன் படித்துவிடலாம்.

எந்த நாடானாலும் இந்த மாதமே செய்ய வேண்டியவை உண்டு. திருமணத்தைப் பதிவு செய்யாவிட்டால் பதிவு செய்யுங்கள். தாலி கட்டும் போட்டோ எந்தத் தூதரகத்திலும் செல்லாது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் இப்போதே ஒன்றாக்குங்கள். நர்ஸ்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. யாரிடமும் பணம் கட்டும் முன் கணவரோடு ஒருமுறை அங்கே நேரில் போய் விசாரித்து வாருங்கள்.