கடிக்கும் பல்லும் கயிறு பிடிக்கும் கையும்

நாய் கடித்தது என்ற செய்தியைக் கேட்டதும் நாம் கேட்கும் முதற் கேள்வி, “என்ன ஜாதி நாய்?” என்பதுதான். ராட்வைலர் என்றோ பிட்புல் என்றோ பதில் வந்துவிட்டால், காரணம் தெரிந்துவிட்டதாக எண்ணித் திருப்தி அடைகிறோம். விலங்கியல் பயிலும் மாணவி என்ற முறையில், அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் செல்லும் என்று சற்று ஆராய விரும்புகிறேன்.

2022-ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் அமெரிக்க ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணங்களை வளர்ப்பவர்களிடம் கேட்டும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களைப் பரிசோதித்தும் அவர்கள் கண்டது இது: நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில், இனத்தைக் கொண்டு விளக்கக்கூடியது சுமார் 9 சதவீதமே. ஆனால் இதை வைத்துக்கொண்டு எல்லா நாயும் ஒன்றே என்று வாதாடுவதும் சரியன்று. குணம் வேறு, தாடை வேறு. பொமரேனியன் கடித்த காயமும் ராட்வைலர் குதறிய காயமும் ஒன்றாகா. பெரிய நாயை வாங்குகிறவர் பெரிய பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

சட்டங்கள் தடுமாறுவதும் இவ்விடத்தில்தான். பிரிட்டன் 1991-இல் பிட்புல் உள்ளிட்ட நான்கு வகை நாய்களைத் தடை செய்தது. கடி நிற்கவில்லை, 2023-இல் எக்ஸ்.எல். புல்லி என்ற ஐந்தாவது வகையைப் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. நம் மத்திய அரசும் 2024 மார்ச்சில் 23 வகை நாய்களின் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடுக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று கூறிக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்துச் செய்தது. அதற்கடுத்த மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. அவை கயிறில்லாமல் திரிந்தவை. செய்தித்தாள்கள் நாயின் ஜாதியைக் கொட்டை எழுத்தில் போட்டன; கயிற்றைப் பற்றிய வரி உள்ளே எங்கோ இருந்தது.

பட்டியலில் இல்லாத நாய் கடித்தால்? என் தாயார் வீடு வீடாகக் கீரை விற்பவர். கேட்டைத் திறந்ததும் “வாங்க, ஒண்ணும் செய்யாது” என்ற குரல் கேட்காத தெருவே இல்லை என்பார். சென்ற ஆண்டு அப்படிச் சொல்லப்பட்ட ஒரு வெள்ளைக் குட்டை நாய் அவர் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவச் செய்தேன். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டதற்கு, வீட்டுக்காரருக்கே நினைவில்லை. அம்மா அரசு மருத்துவமனைக்கு நான்கு முறை சென்று ஊசி போட்டுக்கொண்டார். ஊசி இலவசம், நான்கு நாள் கீரை வாடிப்போனது எங்கள் கணக்கு.

பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி, தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தப் பிரிவு நாயின் ஜாதியைக் கேட்கவில்லை. அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். “அந்த வீட்டில் தினமும் இரண்டு கட்டு வாங்குகிறார்களே, அம்மா” என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார்.