‘ராவுல எடுத்துடு, பாத்துக்கலாம்’: முடியாது!

அசோக் நகர், கே.கே. நகர் பக்கத்து ஷட்டில் கோர்ட்டுகளில் ஞாயிற்றுக்கிழமை போட்டி நடந்தால், கேமராவோடு ஓரத்தில் நிற்பவர்களிடம் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்ப முடிவதில்லை: “ராவுல எடுத்துடுங்க சார், எதுவா இருந்தாலும் எடிட்டிங்ல பாத்துக்கலாம்.” யூடியூபில் சொன்னார்கள், கடைக்காரர் சொன்னார், கல்யாண ஃபோட்டோகிராஃபர் சொன்னார் என்று ஆளுக்கொரு ஆதாரம் வேறு. விளையாட்டுப் படமே தொழிலாக இருக்கும் எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. ஆசையாகக் கேமரா வாங்கிய பிள்ளைகளைச் சோம்பேறி ஆக்குகிற பொய் இது.

முதலில் ரா என்றால் என்ன? சென்சாரில் விழுந்த வெளிச்சத்தின் அளவுகளைக் கேமரா சமைக்காமல் அப்படியே எழுதி வைக்கும் கோப்பு. ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். 12 பிட் ராவில் 4096, 14 பிட் ராவில் 16,384. அதனால்தான் இருண்ட முகத்தைக் கொஞ்சம் தூக்கலாம். மஞ்சளடித்த ஒயிட் பேலன்ஸைப் பின்னால் மாற்றலாம். இவ்வளவுதான் அதன் பலம். சென்சாரில் விழாத எதையும் ராவால் தர முடியாது.

விளையாட்டுப் படம் பெரும்பாலும் கெடுவது எதனால்? ஷட்டர் ஸ்பீடு போதாததால், ஃபோகஸ் தவறியதால், அடித்து முடித்த பிறகு பட்டனை அழுத்தியதால். இந்த மூன்றில் ஒன்றையாவது ரா திருத்துமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். கோர்ட்டில் ஒரு பெண் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடுகிறாள். வெளிச்சம் குறைவு, ஆட்டோவில் விட்டிருக்கிறீர்கள், கேமராவின் ஷட்டர் 1/125 நொடிக்கு இறங்கிவிட்டது. அந்த நேரத்துக்குள் அவள் முகம் 3.2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கண் இருந்த இடத்துக்கு மூக்கு வந்துவிட்டது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த அந்தக் குழப்பத்தைத்தான் ரா மிகத் துல்லியமாக, 16,384 படிகளில், உங்களுக்குச் சேமித்துத் தரும். 1/1000 வைத்திருந்தால் நகர்வு 4 மில்லிமீட்டர்தான்.

கிரிக்கெட்டில் இன்னும் மோசம். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து 1/500 நொடியில் ஏறக்குறைய 7.8 சென்டிமீட்டர் போய்விடும். பந்தின் குறுக்களவே 7 சென்டிமீட்டர் சொச்சம்தான். படத்தில் இருப்பது சிவப்புக் கோடு. 1/4000க்குப் போனால் அது ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். இந்த வித்தியாசம் சேப்பாக்கத்தில் நிற்கும்போதே நடக்க வேண்டியது. எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமில் அதற்கு ஸ்லைடர் கிடையாது.

“அப்படின்னா இருட்டாயிடுமே, ஐஎஸ்ஓ ஏத்தினா நாய்ஸ் வருமே” என்பார்கள். வரட்டும்! ஐஎஸ்ஓ 6400 வையுங்கள். நாய்ஸைக் குறைக்க இன்று வழி இருக்கிறது. லைட்ரூமில் 2023இல் வந்த டீநாய்ஸ் வசதி ரா கோப்பில் அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. புள்ளி விழுந்த முகம் முகம்தான். கலைந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெளுத்துப்போன ஹைலைட்டையும் ராவால் மீட்க முடியாது. உச்சி வெயிலில் வெள்ளை ஜெர்சி மூன்று வண்ணங்களிலும் உச்ச அளவை முட்டிவிட்டால், தையலும் மடிப்பும் ராவிலும் இருக்காது. இழுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத் திட்டுதான் மிஞ்சும்.

நேரம்தான் படத்தைத் தருகிறது என்பதற்கு ஒரு பழைய சாட்சி. 1986 செப்டம்பர் 22. சேப்பாக்கத்தில் இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் கிரெக் மேத்யூஸ் பந்துவீச்சில் மனிந்தர் சிங் எல்பிடபிள்யூ. ஆட்டம் டை. அந்த நொடியைப் படம் பிடித்தவர் மாலா முகர்ஜி. ராவும் இல்லை, எடிட்டிங் மென்பொருளும் இல்லை. ஒரு ரோலுக்கு 36 படம் என்ற ஃபிலிம் காலம். சரியான நேரத்தில் கேமரா கண்ணில் இருந்தது, அதனால் படம் இருக்கிறது.

மற்ற நம்பிக்கைகளை வேகமாகப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: தொழில்முறையாளர் எல்லாரும் ராவில்தான் எடுக்கிறார்கள்.
உண்மை: 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் தன் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்களிடம் ராவிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்பாதீர்கள், கேமராவிலேயே பதிவான ஜேபெக்கை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. வேகமும் நம்பகத்தன்மையும் காரணங்கள்.

நம்பிக்கை: எப்போதும் ரா வைத்திருந்தால் நஷ்டமில்லை.
உண்மை: பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து எடுக்கும் பர்ஸ்ட்டில் நஷ்டம் உண்டு. தொடக்கநிலை கேமராக்கள் பலவற்றில் ரா என்றால் பத்துச் சொச்சம் படத்திலேயே தற்காலிக நினைவகமான பஃபர் நிரம்பி வேகம் விழுந்துவிடும். கபடியில் ரெய்டர் பிடிபடுவது அந்தப் பத்துக்குப் பிறகாகத்தான் இருக்கும்.

நம்பிக்கை: ரா என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் கிராப் செய்யலாம்.
உண்மை: 24 மெகாபிக்சல் படத்தில் கால்வாசியை வெட்டி எடுத்தால் கையில் 6 மெகாபிக்சல்தான். ராவோ ஜேபெக்கோ, கணக்கு ஒன்றுதான்.

நம்பிக்கை: கேமராவில் பளிச்சென்று இருந்தது, கம்ப்யூட்டரில் மங்கல்; கேமரா கோளாறு.
உண்மை: கேமராத் திரையில் தெரிவது கோப்புக்குள் பொதிந்த ஜேபெக் முன்தோற்றம். மென்பொருள் ராவைத் தன் கணக்குப்படி காட்டுகிறது. கோளாறு ஏதுமில்லை.

நம்பிக்கை: ஏஐ வைத்துக் கலங்கலைக் கூர்மையாக்கிவிடலாம்.
உண்மை: அது இல்லாத கண்ணையும் பல்லையும் ஊகித்து வரைகிறது. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் இறுதிக் கட்டச் சுற்றுகளுக்கு வரும் படங்களுக்கு மூலக்கோப்பைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 2015 போட்டியில் கடைசிக்கு முந்தைய சுற்றுப் படங்களில் ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சோதனையில் விழுந்தது.

ரா உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் உள்ளரங்கம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/1000இல் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை, அதற்கடுத்தது இருட்டு. கேமராவில் ஆன்ட்டி-ஃப்ளிக்கர் இருந்தால் போடுங்கள். மிச்சத்தை ராவில் படம் படமாகச் சரிசெய்யலாம். எடிட்டிங்கில் வரிசை முக்கியம்: முதலில் கலங்கியதைத் தயங்காமல் தூக்கி எறியுங்கள், பிறகு ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், நாய்ஸ், கடைசியாக கிராப். பகல் வெளிச்சத்தில், உடனே அனுப்ப வேண்டிய ஆட்டத்துக்கு ஜேபெக் போதும்.

எடிட்டிங்குக்கு மணிக்கணக்கில் உட்காருகிறவர்கள் இரண்டு நிமிட வேலை ஒன்றைச் செய்வதில்லை: பெயர் எழுதுவது. நம் பள்ளி மைதானங்களில் வாலிபாலும் கபடியும் ஆடும் பெண்களின் படங்கள் ஹார்ட் டிஸ்க்குகளில் குவிந்து கிடக்கின்றன. யார், எந்தப் பள்ளி, எந்தப் போட்டி, எந்த வருஷம் என்று ஒரு வரி கிடையாது. மனிந்தர், மேத்யூஸ், தேதி எல்லாம் சேர்ந்திருப்பதால்தான் அந்த டை டெஸ்ட் படம் வரலாறு. இந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நாளைக்கு இந்தியாவுக்கு ஆடினால், அவளுடைய பள்ளிக்காலப் படம் எது என்று யாருக்குத் தெரியும்?

லைட்ரூமில் கேப்ஷன் கட்டம் இருக்கிறது. பள்ளியிடமும் பெற்றோரிடமும் அனுமதி கேட்டு நிரப்புங்கள். இரண்டு டிஸ்க்கில் காப்பி வையுங்கள். அடுத்த ஞாயிறு கோர்ட்டுக்குப் போகும்போது ராவா ஜேபெக்கா என்று யோசிப்பதற்கு முன்னால் ஷட்டரை 1/1000க்கு ஏற்றுங்கள்.